விடுபட்டவர்களைச் சேர்த்துத் தருகிறோம்

மே 19, திங்கள்

நான் டயரி எழுதுகிற ஆள் இல்லை. இது வேலைக் குறிப்பு. ஸ்டுடியோ முதலாளி பால்வண்ணன் அண்ணாச்சி ஏஐ படக் கருவிக்கு ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இசக்கி, என்ன கேட்டா என்ன வருதுன்னு அன்னன்னிக்கு எழுதி வச்சிரு. நீ பாட்டுக்கு நாளைக்குப் பெங்களூருக்கு வண்டியேறிருவ. அடுத்து வாரவனுக்கு வேணும்லா."

போவேன்தான். படித்தது எலக்ட்ரானிக்ஸ். கோவில்பட்டியில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவது இடையில் வந்த வேலை. இடையில் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

முதல் நாள் முடிவுகள். மணமக்களுக்குப் பின்னால் தெரிந்த தண்ணீர் கேன், பெடஸ்டல் ஃபேன், வாய் பிளந்து தூங்கும் பெரியவர், மூன்றையும் தடம் தெரியாமல் துடைத்துவிட்டது. விரல்கள் ஒழுங்காக வருகின்றன. தமிழ் எழுத்து மட்டும் வரவில்லை. 'நல்வரவு' என்று கேட்டால் புழு நெளிகிற மாதிரி ஏதோ எழுதுகிறது.

வீடியோ எடிட் பண்ணும் செண்பகம் என் திரையை எட்டிப் பார்த்தாள். "அந்தத் தூங்குன தாத்தா யாருன்னு விசாரிச்சியா?"

"தூங்குற ஆள் ஆல்பத்துல எதுக்கு?"

"அவரு வந்தாருங்கறதுக்கு."

விசாரித்ததில் மாப்பிள்ளையின் பெரியப்பா. அழித்ததைத் திரும்ப வரவழைத்தேன். பெரியப்பா மறுபடி வந்து நாற்காலியில் தூங்கினார்.

மே 20, செவ்வாய்

வேல்மயில் கல்யாணம். போன வெள்ளிக்கிழமை நடந்தது. இரண்டு கேமரா. மேடையை விட்டு நகராத டிரெடிஷனல் ஒன்று, மண்டபம் முழுக்கச் சுற்றும் கேண்டிட் ஒன்று. நாலாயிரத்துச் சொச்சம் படம். முன்பெல்லாம் இதில் நல்லதைப் பொறுக்கி எடுக்கவே கண் அவிந்துவிடும். இப்போது கருவியே பிரிக்கிறது. கண் மூடியது, கலங்கலானது, கேமராவைப் பார்க்காதது எல்லாம் 'கழிவு' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. கழிவை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்ப்பதாக இருந்தால் கருவி எதற்கு?

வீட்டில் தங்கச்சி சங்கரிக்கு வரன் முடிவாகிவிட்டது. ஜூன் 8 ஞாயிறு நிச்சயம், எங்கள் வீட்டிலேயே. சித்தப்பாதான் எல்லாம் பார்க்கிறார். படம் நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 21, புதன்

கரண்ட் இல்லை. வேலை இல்லை.

மே 22, வியாழன்

வாட்ஸப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு வேல்மயில் நேரே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"அண்ணா, எங்க அம்மா எங்க?"

"எந்த அம்மா?"

"எனக்கு இருக்கது ஒரே அம்மாதான்."

செண்பகம் சிரித்துவிட்டாள். நான் வேல்மயிலின் போனிலிருந்த அவள் அம்மாவின் படத்தை வாங்கிக் கருவிக்குக் கொடுத்து, இந்த முகம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். இரண்டு படம் வந்தது. ஒன்றில் தூணுக்குப் பின்னால் பாதி முகம். இன்னொன்றில் திரும்பிப் போகையில் ஒரு பக்கக் கன்னம்.

"மேடைக்கு வரவே இல்லையா அவங்க?"

"அப்பா இறந்து அஞ்சு வருஷம் ஆச்சுல்லாண்ணா."

கேட்டதற்கு அதுதான் பதில் என்பதுபோலச் சொன்னாள். எனக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும்.

ஜூன் 6 அவள் கணவனோடு மஸ்கட் போகிறாள். "அங்க போயித் தொறந்து பாக்கைல, ஒரு படத்துலயாவது அம்மா என் பக்கத்துல இருக்கணும். ஒண்ணு போதும். உங்ககிட்டதான் எல்லாத்தையும் உண்டாக்குற மிஷின் இருக்காமே."

"பத்து நிமிஷ வேலை," என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணாச்சி உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் போனதும் வெளியே வந்து, "எல, இதுல ஒரு தொழில் இருக்குடே," என்றார். வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றார். என்ன எழுதுவது என்று யோசித்தார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: 'விடுபட்டவர்களைச் சேர்த்துத் தருகிறோம்.' அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மே 23, வெள்ளி

வேல்மயில் ஆல்பத்துக்கான குறிப்பு. அடிப்படைப் படம்: மேடையில் மணப்பெண், இடப்பக்கம் காலி. கொடுத்த வாசகம், ஆங்கிலத்தில்: தென்னிந்தியத் தாய், ஐம்பது வயது, மகளின் திருமணம், மகளின் தோளில் கை, மகிழ்ச்சி. முகத்துக்கு அவள் கொடுத்த போன் படம்.

நாலாவது முயற்சியில் அமைந்தது. உண்மையைச் சொன்னால் அசந்துவிட்டேன். மேடை விளக்கு அந்த அம்மாவின் கன்னத்தில் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் விழுந்திருந்தது. தோளில் வைத்த கையின் கீழே பட்டுத்துணி லேசாக அமுங்கியிருந்தது. கையால் செய்தால் இந்த அமுக்கம் ஒருநாளும் வராது.

அனுப்பினேன். உடனே அழுகிற பொம்மைகளாக வந்து கொட்டின. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி.

"அண்ணா, அம்மாவுக்குப் பொட்டு வச்சிருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். நல்ல அகலமான குங்குமம். தலையில் பூ. கழுத்தில் மஞ்சள் கயிறு. எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. எனக்குப் படவில்லை. கல்யாணப் படத்தில் ஒரு அம்மா இப்படித்தானே இருப்பாள் என்று கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. கருவிக்கும் எனக்கும் ஒரே பழக்கம்.

"மாத்தித் தாரேன்," என்று பதில் போட்டேன்.

மே 24, சனி

அடுத்து வருகிறவனுக்குக் குறிப்பு: 'பொட்டு இல்லாமல்' என்று எழுதாதே. பொட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் அது இன்னும் பெரிதாக வைக்கிறது.

'கணவனை இழந்தவர்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தேன். மேடையே காணாமல் போயிற்று. ஏதோ வடநாட்டு ஆற்றுப் படித்துறையில் வெள்ளைச் சேலை போர்த்திய தொண்டுக் கிழவி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். வேல்மயிலின் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டால் எங்கள் பள்ளிக்கூட ஹெச்.எம். மாதிரி இருப்பார். பச்சையும் மஞ்சளும் கட்டுகிறவர். கருவிக்குத் தெரிந்தது இரண்டே சாதி அம்மாக்கள். ஒன்று நகைக்கடை விளம்பரம், இல்லையென்றால் படித்துறை. இடையில் இருக்கும் ஊர்ப்பட்ட பேரை அது பார்த்ததே இல்லை.

சரி, கையாலேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் பொட்டு. நெற்றி பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று ஆயிற்று. தோலின் சொரசொரப்பைக் கொஞ்சம் கூட்டினேன். அடுத்து பூ. ஒரு சரம் போனதும் அடியில் இன்னொரு சரம். அதையும் எடுத்தேன். பிறகு கழுத்து. கயிற்றைச் சுற்றிக் கோடு போட்டுத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானில் விரல் வைத்தேன்.

செண்பகம் பின்னால் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"என்னடே, பதினாறாம் நாள் காரியம் பண்ணுத மாரி இருக்கு," என்றாள்.

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

திரையில் அந்த அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கச் சொன்னது நான்தானே.

அப்பா போய்ப் பதினாறாம் நாள் எங்கள் வீட்டில் அது நடந்தபோது நான் ஐந்தாவது செமஸ்டர். அன்றைக்குத் தெருவில் நின்றுகொண்டேன். உள்ளே பெண்கள் மட்டும்தான் போவார்கள். சத்தம் மட்டும் கேட்டது.

சேமிக்காமல் மூடினேன். இந்தப் பக்கத்தை அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. அவனுக்குத் தனியாக வேறு எழுத வேண்டும்.

மே 25, ஞாயிறு

வீட்டில் சித்தப்பா நிச்சயதார்த்தத் திட்டம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் பானகம். பிறகு தாம்பூலத் தட்டு மாற்றுவது. எங்கள் பக்கம் தட்டைப் பிடிப்பது சித்தப்பாவும் சித்தியும். சாப்பாடு வீட்டிலேயே.

அம்மா, "நான் அடுப்படிப் பக்கத்தப் பாத்துக்கிடுதேன்," என்றாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். அப்படிச் சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை பாருங்கள்.

ஹாலில் வெளிச்சம் போதாது. ஒரு லைட் ஸ்டாண்டு கடையிலிருந்து எடுத்து வர வேண்டும். குடை ஒன்று. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று.

சாப்பிடும்போது வேல்மயில் ஆல்பம் இழுத்தடிக்கும் கதையைச் சொன்னேன். கருவியின் கோளாறைப் பற்றித்தான் சொன்னேன். சங்கரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"அப்ப எனக்கும் பின்னால கம்ப்யூட்டர்ல அம்மாவைச் சேத்துக் குடுத்துருவியாண்ணே?"

அம்மா, "பேசாம சாப்பிடு," என்று சொல்லிவிட்டு ரசம் எடுத்து வரப் போனாள். ரசம் மேசையிலேயே இருந்தது.

நான் கை கழுவப் போனேன்.

மே 26, திங்கள்

சோதனைக்காக அம்மாவின் பழைய பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கருவிக்குக் கொடுத்துப் பார்த்தேன். அதே வாசகம். அதே பொட்டு. அப்பா இருந்தபோது வைத்துக்கொண்டது இதைவிடச் சிறியது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்கும். கண்ணாடி பார்க்காமல் வைப்பாள்.

அழித்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்

வேறு இரண்டு ஆல்பம் முடித்தேன். காதுகுத்து ஒன்று, புதுமனை புகுவிழா ஒன்று. கருவி அருமையாக வேலை செய்தது. புதுமனையில் பூச்சு காயாத சுவரைக் காய வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. அண்ணாச்சி வாசலில் கட்டச் சொன்னார். ஏணி இல்லை என்றேன். ஏணி இருந்தது.

மே 28, புதன்

வேல்மயிலின் அம்மா தானாகவே கடைக்கு வந்தார். பெயர் முப்பிடாதி. கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கிங் மேற்பார்வை. நான் எதிர்பார்த்தது அழுகை. அல்லது சண்டை. வந்தவர் ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"எம்பொண்ணு போன்ல ஒரு படம் காமிச்சா. நீங்க செஞ்சதாமே. பெரிசாப் பாக்கணும்."

முதலில் செய்ததை, பொட்டு வைத்ததை, திரை நிறையக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கா," என்றார். வேறு யாரையோ சொல்வது மாதிரி. "கழுத்து மட்டும் எங்க மதினி கழுத்து மாரி இருக்கு. எனக்கு இம்புட்டு நீளம் கெடையாது."

"பொட்டு தப்பா வந்துட்டும்மா. மிஷின் அதுவா வச்சிட்டு. எடுத்திருதேன்."

"பொட்ட விடுங்க தம்பி. நான் அங்க நிக்கலையே."

"அதான் சேர்த்திருக்கோம்."

"சேத்தது தெரியுது. நான் நிக்கலன்னு எம்பொண்ணுக்குத் தெரியுமில்லா? அங்க பாலைவனத்துல போயி உக்காந்து ஆல்பத்தத் தொறக்கும்போதெல்லாம் மொதல்ல இந்தப் படந்தான் சுருக்குங்கும். அம்மா நிக்கலியேன்னு. வேற யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அது எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். "அப்ப நீங்க மேடையில ஏறி நின்னிருக்கலாம்லாம்மா? யாரு தடுத்தா?"

செண்பகம் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

முப்பிடாதி அம்மா கோபப்படவில்லை. "யாரும் தடுக்கல. வான்னும் சொல்லல," என்றார். "நமக்கா ஏறத் தோணுமா தம்பி? அவுக வீட்டாளுங்க மொகம் மாறுனா எம்பொண்ணுல்லா அந்த வீட்டுல போயி வாழணும்?"

எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன்.

"பந்தி வாசல்ல. கையில ரசவாளி. பரிமாற ஆளு பத்தலன்னு நான்தான் வாங்கிக்கிட்டேன். வாளி இருந்தா ஏன் இங்க நிக்கன்னு யாரும் கேக்க மாட்டாகள்லா?" கொஞ்சம் சிரித்தார். "அங்கேருந்து மேடை நேரா தெரிஞ்சுது. மேளம் ஒசந்ததும் நான் பாத்தேன். அவளும் சட்டுனு திரும்பி இந்தப் பக்கம் பாத்தா. ஒங்க கேமராக்காரப் பய, 'பொண்ணு இங்க பாருங்க, பொண்ணு இங்க பாருங்க'ன்னு தொண்ட கிழியக் கத்துனான். அவ திரும்பல. தாலி ஏறி முடியுந்தட்டும் திரும்பல."

எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். போனை நீட்டினார்.

"அந்தப் பொட்டு வச்ச படத்த ஆல்பத்துல போட்டுறாதீங்க. இதுல ஏத்திக் குடுங்க. எம்பொண்ணு போனுலருந்து எடுக்கத் தெரியல."

ஏற்றிக் கொடுத்தேன். ஒருமுறை திறந்து பார்த்து, மூடி, போனை முந்தியில் முடிந்துகொண்டு போனார்.

மிட்டாய் நல்ல மிட்டாய். செண்பகமே பாதிக்கு மேல் தின்றாள்.

மே 29, வியாழன்

கழிவைத் திறந்தேன்.

முதலிலேயே திறந்திருக்க வேண்டும். முகம் தேடும் வசதி, கழிவுக்குப் போன படங்களில் தேடாது. அதை அப்படி அமைத்து வைத்தவனே நான்தான். இதையும் அடுத்தவனுக்கு எழுதி வைக்க வேண்டும்.

ஒரு கல்யாணத்தின் கழிவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கொட்டாவி விடும் நாதஸ்வரக்காரர். மூக்கைத் துடைக்கும் மாப்பிள்ளைத் தோழன். பாதி மூடிய கண்கள். பந்தியில் அப்பளத்துக்குச் சண்டை போடும் இரண்டு பெரிசுகள். பாதி மண்டபம் இங்கேதான் இருந்தது. நல்ல படங்களில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். இதில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

தாலி கட்டும் நேரத்து டிரெடிஷனல் படங்கள் வரிசையாகக் கழிவில் கிடந்தன. கட்டி முடித்ததும் எடுத்தவை தேறியிருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் வேல்மயில் முகத்தைத் திருப்பியிருந்தாள். காரணம்: கேமராவைப் பார்க்கவில்லை. நெற்றியில் வேர்வை. கண் நிறைந்து நிற்கிறது, இன்னும் வழியவில்லை.

எங்கே பார்க்கிறாள்?

கேண்டிட் கேமராவின் கழிவுக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைக்கச் சொல்லிச் சண்டை போடுவது செண்பகம்தான். வீடியோவை ஒட்ட அவளுக்கு அது வேண்டும். நான் அதைக் கிறுக்கு என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கிறுக்கால்தான் இப்போது அதே நிமிடத்தை நேராகத் தேடிப் போக முடிந்தது.

இருந்தது. ஒரே ஒரு படம். கேண்டிட் பையன் பந்திக்கூடத்தைப் பொதுவாக எடுத்திருக்கிறான். காரணம்: கலங்கல். எச்சில் இலை எடுப்பவர் ஒருவர் குறுக்கே போகிறார். அவருக்குப் பின்னால் வாசல் நிலையில் சாய்ந்து, பச்சைச் சேலை, கையில் வாளி. கரண்டி வாளிக்கு வெளியே சாய்ந்து ரசம் சொட்டுகிறது. அது அவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. மேடையைப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தேன். அவள் வலப்பக்கம் பார்க்கிறாள். இவர் இடப்பக்கம் பார்க்கிறார். ஒரே நொடி.

செண்பகத்தைக் கூப்பிட்டேன். பார்த்தாள். "நான் கீழ போயி டீ சொல்லிட்டு வாரேன்," என்றாள். டீ சொல்லி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

மே 30, வெள்ளி

அண்ணாச்சியோடு வாக்குவாதம்.

இரண்டு படத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில், முழுப் பக்கம் முழுப் பக்கமாக வைத்திருந்தேன். ஆல்பத்தை விரித்தால் இருவரும் நடு மடிப்பைத் தாண்டி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

"ஏல, கிறுக்கா பிடிச்சிருக்கு? ரசவாளியப் போயி ஆல்பத்துல போடுவியா? அதுவும் கலங்கல். மாப்பிள்ள வீட்டுக்காரன் சிரிக்க மாட்டான்?"

"கலங்கலைக் கொஞ்சம் தெளிய வச்சிருக்கேன் அண்ணாச்சி. கருவியிலதான்."

அது உண்மை. கருவியைக் குறை சொல்லி நான் பட்டம் வாங்கப் போவதில்லை. புள்ளிகளை நீக்கியது, இருட்டை ஒரு படி ஏற்றியது. ஒவ்வொரு முறையும் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். ஒரு முறை பொட்டு வைத்துவிட்டது. எடுக்கவில்லை. மூலப் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் முறை வைக்கவில்லை.

"அந்த எலை எடுக்குற ஆளையாவது அழியேன்டே."

"அவரும் வந்திருந்தாரே அண்ணாச்சி."

செண்பகம் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அப்ப அம்புட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ எதுக்குடே எழுதிக் குடுத்த?"

"தப்பா எழுதிட்டேன்," என்றேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்று வருடத்தில் நான் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலன்னா பழசப் போட்டுக் குடுத்திரணும். சொல்லிட்டேன்."

மே 31, சனி

வேல்மயில் வந்தாள். புருஷனும் வந்தார். நல்ல மாதிரி. கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். பழைய படத்தை இன்னொரு ஜன்னலில் தயாராகத் திறந்து வைத்திருந்தேன்.

"இது எங்க இருந்துச்சு?"

"கழிவுல."

"அன்னிக்கு எல்லாரும் என்னத் திட்டுனாங்க. கேமராவப் பாரு பாருன்னு. நான் பாக்கலன்னா அம்மா போயிருவாங்கன்னு இருந்துச்சு." திரையைத் தொட்டாள். "எனக்கு அம்மா அங்க நிக்கது தெரிஞ்சுது. பாத்தாங்களான்னுதான் தெரியல. அம்புட்டு தூரம்லா."

புருஷன் குனிந்து பார்த்தார். பிறகு, "அத்த ஏன் மேடைக்கு வரலன்னு நான் கேக்கவே இல்ல," என்றார். அவளிடம் சொன்னாரா என்னிடமா என்று தெரியவில்லை.

பழைய படம் திறந்திருந்த ஜன்னலை மூடினேன்.

ஜூன் 4, புதன்

சிவகாசி லேபிலிருந்து ஆல்பம் வந்தது. நிறம் சரி. மடிப்பில் முகம் எதுவும் மாட்டவில்லை. முப்பிடாதி அம்மாவே வந்து வாங்கிப் போனார். கடையில் திறந்து பார்க்கவில்லை. "வீட்டுல போயி அவளோட பாக்கேன்," என்றார்.

ஃப்ளெக்ஸ் இன்னும் சுருட்டியபடி உள்ளறையில் இருக்கிறது. அண்ணாச்சியும் ஏணி கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வேல்மயில் இன்று பறக்கிறாள். லைட் ஸ்டாண்டு, குடை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அம்மா லைட் ஸ்டாண்டைப் பார்த்து, "இத எங்க வைக்கப் போற? அடுப்படி வழிய மறிக்காம வையி," என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பானகம் கொடுத்தாயிற்று. சித்தப்பா, "ம், நேரமாவுது, தட்டு மாத்திருவோம்," என்று எழுந்தார். சித்தி தட்டை எடுக்கக் குனிந்தார். நான் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினேன்.

"அம்மா பிடிக்கட்டும் சித்தப்பா."

"என்னடே?"

"தட்ட. அம்மாதான பெத்தவ? அவ பிடிக்கட்டும்."

இதை நயமாகச் சொல்ல ஆயிரம் வழி இருந்திருக்கும். முதல் நாளே சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது. சித்தப்பாவின் காது சிவந்தது. "எல, வந்தவுக முன்னால என்ன புதுசா? படம் எடுக்க வந்தா படத்த எடு."

"அம்மா இல்லன்னா எடுக்க மாட்டேன். பின்னால சேக்கவும் மாட்டேன்."

பின்னால் சேர்ப்பது என்றால் என்ன என்று அந்தக் கூடத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவள் மணைப்பலகையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

எல்லாருக்கும் முன்னால் சித்திதான் வாயைத் திறந்தார். "நான்தான் பிடிக்கணும்னு எனக்கென்ன நேத்திக்கடனா? அக்கா பிடிச்சா எனக்கு ஒரு வேல மிச்சம்," என்று தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேண்டாம்டா. எனக்குக் கையெல்லாம் ஈரமா இருக்கு."

சங்கரி எழுந்துவிட்டாள். மணைப்பலகையிலிருந்து இடையில் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. அடுப்படி வாசலுக்குப் போய், புதுப் பட்டுச் சேலையின் முந்தியை எடுத்து அம்மா முன்னால் நீட்டினாள்.

"தொடச்சுக்கோ."

அம்மா அந்தப் பட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு துடைத்துக்கொண்டாள்.

தட்டு மாறியது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் தன் கணவரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். சித்தப்பா என்னோடு பேசவில்லை. பேசுவார்.

படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். கழிவு பிரிக்கும் வசதியை நிறுத்தி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தட்டு மாற்றும் படத்தில் யாருமே கேமராவைப் பார்க்கவில்லை. அம்மா தட்டைப் பார்க்கிறாள், விழுந்துவிடுமோ என்று. நெற்றி வெறும் நெற்றி. வேர்த்திருக்கிறது. சங்கரி அம்மாவைப் பார்க்கிறாள். அவள் முந்தியில் ஐந்து விரலும் தெரிகிற மாதிரி ஓர் ஈரத்தடம், மஞ்சள் கலந்து.

அண்ணாச்சிக்கு அனுப்பினேன். உடனே பதில் போட்டார்: "படம் பிரமாதம்டே. சேலைல அந்தக் கறைய மட்டும் எடுத்திரு. மிஷின்ல ஒரு தட்டு தட்டுனா போதும்ல."

போதும்தான். எடுக்கவில்லை.